டான்சி கிரீக்கிலிருந்து பேசுகிறோம்

உயிரோடு இருந்தவரை ஹோபர்ட் ஸ்டிடம் டெலிபோனைச் சும்மா விட்டதில்லை. காலையில் காப்பி உள்ளே போனதும் நாற்காலியைச் சமையலறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார். முதலில் மாநிலத் தலைநகரில் இருக்கும் சட்டமன்ற உறுப்பினர் க்ரம்மின் அலுவலகம். அடுத்து, தொகுதி சார்பில் வாஷிங்டனுக்குப் போன பிரதிநிதி ப்ரூஸ்டர், மாவட்டத் தலைமையிடமான கவுண்டி டவுனில் திறந்து வைத்திருக்கும் அலுவலகம். இரண்டு இடத்திலும் ஒரே பேச்சுதான்.

"டான்சி கிரீக்கிலேர்ந்து பேசறேன். பேரு ஹோபர்ட் ஸ்டிடம். எங்க தலைக்கு மேல இருக்கற அணை நிக்காது. யாரையாவது அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க."

மாநிலத்துக்காரர்கள் அது மத்திய அரசின் பொறுப்பு என்பார்கள். மத்திய அரசுக்காரர்கள் அது மாநிலத்தின் பொறுப்பு என்பார்கள். இரண்டு பக்கமும் நன்றி சொல்லித்தான் போனை வைப்பார்கள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் கிடையாது.

அணை என்றால் ஊர் குடிக்கிற தண்ணீருக்கான அணை இல்லை. சுரங்கக் கம்பெனி நிலக்கரியைக் கழுவிய கறுப்புத் தண்ணீரை மலையிடுக்கில் தேக்கி, முன்னால் கல்லையும் மண்ணையும் கொட்டி அடைத்திருந்தது. அதன் காலடியில் ஊர்க் கல்லறைத் தோட்டம். அதற்குக் கீழே ஓடையோரமாக வீடுகள். செத்தவர்களும் இருப்பவர்களும் ஒரே தண்ணீருக்குக் கீழேதான் படுத்திருந்தார்கள்.

டான்சி கிரீக்கில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர்களிடம் ஊர் திரண்டு போய் நிற்காது. கூட்டமாகப் போனால் கையேந்துகிற மாதிரி ஆகிவிடும் என்று ரோஷம். ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். முன்பு பள்ளிக்கூடப் பேருந்து வேண்டும் என்று கேட்டபோது பெரியவர் எமட் பேசினார். அணை விஷயம் ஹோபர்ட்டுடையது. மழை பலமாகப் பெய்கிற நாட்களில் ஒருவரையொருவர் பார்த்து, "ஹோபர்ட்தான் பேசிக்கிட்டிருக்காரே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

அவர் மனைவி வெர்லீனுக்கு அந்த டெலிபோனைக் கண்டாலே எரிச்சல். மூக்கில் பிராணவாயுக் குழாயைச் செருகிக்கொண்டும் மனிதர் பேசுவதை விடவில்லை. சுரங்கத் தூசி நெஞ்சை அடைத்து மூச்சு இழுக்கும்போதும் அந்த அலுவலகப் பெண்ணுக்குக் காலை வணக்கம் சொல்வார்.

"பேசிப் பேசி என்னத்தக் கண்ட? வாய்தான் வத்துது" என்பாள் வெர்லீன்.

"நீ ஒரு நாள் பேசிப் பாரேன்."

"எனக்கு வேற வேலையில்ல பாரு."

தரையில் பனி கிடந்த ஒரு நாளில் ஹோபர்ட் போய்விட்டார். உறைந்த மண்ணை மிகுந்த சிரமப்பட்டு வெட்டி, கல்லறைத் தோட்டத்தின் மேல் வரிசையில் புதைத்தார்கள். டெலிபோன் ஜன்னலோரத்திலேயே இருந்தது. வெர்லீன் அதைத் தொடவே இல்லை. காலை வேளைகளில் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்காகத்தான் இத்தனை வருஷம் சண்டை போட்டாள். இப்போது கிடைத்ததும் அது அவளைப் பிடுங்கித் தின்றது.

பனி உருகி மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் அந்த டெலிபோன் தானாக அடித்தது.

"ஸ்டிடம் அம்மாவா? நான் டெலானி. பிரதிநிதி ப்ரூஸ்டர் ஆபீஸ்லேர்ந்து பேசறேன்" என்றது ஓர் இளம் குரல். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் தினமும் கூப்பிடறாரு இல்ல, அதைப் பத்தித்தான்."

"கூப்பிட்டாரு. அதுக்கு இப்ப என்ன?"

"குறை சொல்லலைம்மா. எங்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனா கொஞ்ச நாளா லைன்ல ஒரே தண்ணிச் சத்தம். வெளியில நின்னு பேசறாரோ என்னவோ. கால் நனையுதுங்கறாரு. இன்னிக்குக் காலைலயும் அதையேதான் சொன்னாரு. வயசானவராச்சே, வீட்டுல சொல்லிடலாம்னு நெனச்சேன்."

வெர்லீன் டெலிபோனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பொண்ணே, எம்புருஷனைப் பொதைச்சு எவ்வளவோ நாளாச்சு."

டெலானி தட்டுத் தடுமாறி மன்னிப்புக் கேட்டாள். யாரோ விஷமம் செய்கிறார்கள் போலிருக்கிறது, இனிமேல் கவனமாக இருப்பதாகச் சொன்னாள்.

விஷமம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே வெர்லீனுக்கு லூதர் முகம்தான் வந்தது. லூதர் ஹோபர்ட்டின் சித்தப்பா மகன். பாஸ்டரில் தொடங்கி ஷெரீஃப் வரை எல்லோர் குரலிலும் பேசிக்காட்டி ஊரைச் சிரிக்க வைப்பவன். மேல்கோட்டை மாட்டிக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனாள். லாரியின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்திருந்தவனின் காலை உதைத்தாள்.

"செத்த மனுஷன் குரல்ல பேசறியே, வெக்கமா இல்ல?"

விவரத்தைக் கேட்டதும் லூதர் முதலில் சிரித்தான். "அட போங்க அண்ணி. நம்ம கவுண்டில செத்தவங்க ஓட்டுப் போடறாங்க. போன் பண்ணக் கூடாதா? எங்கம்மா மேல போனப்புறம் ரெண்டு ஷெரீஃப்பை ஜெயிக்க வெச்சிருக்கா."

அது ஊருக்கே தெரிந்த கூத்து. கவுண்டி அதிகாரிகள் இறந்தவர்களின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கவே மாட்டார்கள். தேர்தல் வந்தால் கல்லறைத் தோட்டம் மொத்தமும் கட்டுப்பாடாக வாக்களிக்கும்.

வெர்லீன் சிரிக்கவில்லை. "கால் நனையுதுன்னு சொன்னாராம்."

லூதரின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நான் இல்ல அண்ணி. எங்கம்மா மேல சத்தியம்."

அவன் அம்மா ஐவா மேல் அவன் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டான். வெர்லீன் திரும்பி நடந்தாள். கால்கள் அவளைக் கேட்காமலே மேட்டுப் பக்கம் போயின.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. எமட்டின் கல்லறைக் கல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. முன்பல் போனதிலிருந்து பேசினாலே விசிலடிக்கும் மனிதர் அவர். அவருக்குப் பக்கத்தில் ஐவா. யார் எதிரே வந்தாலும் "சாப்பிட்டியா?" என்றுதான் வாயைத் திறப்பாள். ஹோபர்ட்டின் மண் இன்னும் புதுசு, புல் முளைத்திருக்கவில்லை. தலைமாட்டில் மண் காய்ந்து கிடந்தது. கால்மாட்டில் அப்படி இல்லை. அங்கே கன்னங்கரேலென்று ஈரம் பொங்கியிருந்தது. வெர்லீன் குனிந்து தொட்டாள். விரலில் கரிப்பசை ஒட்டிக்கொண்டது. எமட்டின் கால்மாட்டிலும் அதேதான், ஐவாவின் கால்மாட்டிலும் அதேதான். மேலே அணை ஒன்றும் தெரியாததுபோல நின்றுகொண்டிருந்தது.

ஹோபர்ட் கதை சொல்லவில்லை. அணை கசிந்து கல்லறைகளுக்குள் இறங்கிவிட்டது. அடுத்த பெரிய மழையில் வீடுகளுக்கு வந்துவிடும்.

மறுநாள் காலை ஜன்னலோரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். டெலிபோனைக் கையில் எடுத்தாள். மாநில அலுவலகத்தில் ஓர் ஆண் எடுத்தான். அம்மா, அந்த மாதிரி அணை மத்திய அரசு பார்ப்பது என்றான். நன்றி என்றான். வைத்துவிட்டான். அடுத்து டெலானி.

"அது மாநிலத்தோட பொறுப்பும்மா" என்று தொடங்கியவள், வெர்லீன் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "அம்மா, உள்ளதைச் சொல்லிடறேன். வாராவாரம் எந்த விஷயத்துக்கு எத்தனை பேர் கூப்பிட்டாங்கன்னு ஒரு கணக்குத்தான் ப்ரூஸ்டர் சார் மேசைக்குப் போகும். ஒருத்தர் தினமும் கூப்பிட்டாலும் அது ஒரே ஆள்தான். உங்க ஊர்லேர்ந்து ஹோபர்ட் சாரைத் தவிர யாரும் கூப்பிட்டதே இல்ல. மாநில ஆபீஸ்லயும் அப்படித்தான் சொல்றாங்க."

"ஊருக்காகத்தாண்டி அவர் பேசினாரு."

"அது எங்களுக்குத் தெரியலைம்மா. அங்க அவர் ஒருத்தர்தான் குடியிருக்காருன்னு நெனச்சுட்டோம்."

வெர்லீன் டெலிபோனை வைத்தாள். இத்தனை வருஷம் ஊர் மொத்தமும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தது. டெலிபோனில் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள் தெரிவதில்லை. பெரிய இடத்தில் ரோஷமாக நடந்துகொள்வதாக எண்ணி, ஊரே சேர்ந்து அவரைப் பைத்தியக்காரனாக்கிவிட்டது. அதில் தானும் சேர்த்தி என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது படியில் நின்று விஷயத்தைச் சொன்னாள். கறுப்புக் கசிவைச் சொன்னாள். நாளைக் காலை ஒவ்வொருவரும் தனித்தனியாக இரண்டு அலுவலகங்களுக்கும் பேச வேண்டும் என்றாள்.

ஊர் தரையைப் பார்த்தது. மளிகைக் கடை ஓட்லி முதலில் வாயைத் திறந்தான். "எம்மகன் கம்பெனிலதான் வண்டி ஓட்டறான். எம்பேரு அங்க போனா அவன் வேலை என்னாகும்?"

"ஹோபர்ட் பேசினதுக்கே ஒண்ணும் ஆகலை" என்றது இன்னொரு குரல். "நாங்க பேசி என்ன கிழிச்சுடப் போறோம்?"

"நீங்களே பேசுங்க வெர்லீன். உங்களுக்குத்தான் விவரம் தெரியும். நாங்கல்லாம் உங்க பின்னாடிதான் இருக்கோம்."

பின்னாடி இருக்கோம் என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லூதரைப் பார்த்தாள். அவன், "பாக்கறேன் அண்ணி" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு நழுவினான்.

பொழுது சாயும் நேரம் அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். கால்மாட்டு ஈரம் ஹோபர்ட்டின் முழங்கால் இருக்கும் இடம்வரை ஏறியிருந்தது. அவள் அழவில்லை, சத்தம் போட்டாள்.

"கேட்டுப் பாத்தாச்சு. ஒவ்வொருத்தன் முகத்தையும் பாத்துக் கேட்டாச்சு. ஒருத்தனும் வரலை. ஊருக்காகப் பேசறேன்னு நீதானே எல்லாரையும் தூங்க வெச்ச? நானும்தான் தூங்கினேன், இல்லேங்கலை. இப்ப எழுப்பினா எவனும் எழுந்திருக்க மாட்டேங்கறான். கால் நனையுதுன்னு யார் யார்கிட்டயோ சொல்லத் தெரியுதில்ல, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? தினமும் அந்தப் பொண்ணு கழுத்தை அறுக்கறதை விட்டுட்டு உருப்படியா ஏதாவது செய், மனுஷா!"

மண்ணுக்கடியில் எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரவு மழை பிடித்துக்கொண்டது.

திங்கள் காலை அலுவலகம் திறக்கிற நேரத்துக்கு டெலானியைக் கூப்பிட்டாள். லைன் கிடைக்கவில்லை. மாநில அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அதுவும் கிடைக்கவில்லை. மழையில் கம்பி அறுந்துவிட்டதோ என்று பயந்து ஓட்லியின் கடைக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். அது உடனே அடித்தது. அந்த இரண்டு இடங்களில் மட்டும் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். எண்ணைத் திரும்பத் திரும்பச் சுழற்றிக் கை வலித்த பிறகு டெலானி கிடைத்தாள்.

"டான்சி கிரீக்கா?" என்றாள் எடுத்ததுமே. "கொஞ்சம் மூச்சு விட விடுங்க சாமி! ஸ்டிடம் அம்மாவா? ஊரையே கிளப்பி விட்டுட்டீங்களே! கதவைத் திறந்ததுலேர்ந்து போனை வெச்ச கையோட திரும்ப அடிக்குது. தலைநகர்லயும் இதே கூத்தாம். க்ரம் சார் ஆபீஸ்லேர்ந்து எங்களைக் கூப்பிட்டு, டான்சி கிரீக்ல என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க. இப்பவே ஆளை அனுப்பறாங்க. ரெண்டு பேருமே அனுப்பறாங்க."

வெர்லீனுக்கு நம்ப முடியவில்லை. லூதர் பேசியிருப்பானா? ஓட்லி பேசியிருப்பானா? "யாரெல்லாம் பேசினாங்க கண்ணு?"

"எல்லாரும்தான்! ஒரு பெரியவர், வார்த்தைக்கு வார்த்தை விசில் அடிக்குது, பாதி புரியலை. ஒரு அம்மா, போனை எடுத்ததும் சாப்பிட்டியான்னு கேட்டாங்க. இன்னும் இல்லேன்னேன். வெறும் வயித்தோட வேலைக்கு வருவியான்னு ஒரே திட்டு. அப்புறம்தான் அணைக்கே வந்தாங்க. எல்லார் லைன்லயும் அதே தண்ணிச் சத்தம். எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். கால் நனையுதாம், கல்லறைத் தோட்டத்துல வந்து தோண்டிப் பாக்கணுமாம்."

வெர்லீன் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"போன தடவை மாதிரி ஏமாறக் கூடாதுன்னு ஒவ்வொரு பேரையும் போட்டுப் பாத்துட்டேன்" என்றாள் டெலானி. "எல்லாரும் ஓட்டர் பட்டியல்ல இருக்காங்க. போன தேர்தல்ல ஓட்டும் போட்டிருக்காங்க. உங்க ஊர்க்காரங்கதானேம்மா?"

உண்மையைச் சொன்னால் அந்த வண்டிகள் கிளம்பாது. பொய் சொல்லி வெர்லீனுக்குப் பழக்கமும் இல்லை.

"எங்க ஊர்க்காரங்கதான் கண்ணு" என்றாள். "யாரும் எங்கயும் போயிடலை."

மதியத்துக்குமேல் மாநிலத்து வண்டியும் மத்திய அரசு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்தன. கல்லறைத் தோட்டத்து வாசலில்தான் அந்த இரண்டு அரசாங்கங்களும் முதன்முறையாகக் கைகுலுக்கிக்கொண்டன. ஓர் அதிகாரி ஹோபர்ட்டின் கால்மாட்டில் இரும்புக் கம்பியை ஊன்றினார். கம்பி தயிருக்குள் போவதுபோல இறங்கியது. வெளியே இழுத்தபோது அந்த ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒரு பூனைகூட இருக்கக் கூடாது என்றார்.

லூதர் தன் லாரியில் வெர்லீனின் மெத்தையை ஏற்றிக் கட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "நான் கூப்பிடலை அண்ணி. கூப்பிடணும்னு போன் பக்கத்துல உக்காந்தேன். பேசத் தைரியம் வரலை. விசாரிச்சா, ஓட்லியும் கூப்பிடலை, ஒருத்தனும் கூப்பிடலை. அப்ப யாருதான் கூப்பிட்டது?"

"உங்கம்மா கூப்பிட்டா" என்றாள் வெர்லீன். "அந்தப் பொண்ணைச் சாப்பிட்டியான்னு கேட்டாளாம்."

லூதர் கயிற்றை விட்டுவிட்டான். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிச்சைப் போட்டு முடித்தான்.

மழை விடவில்லை. அந்த வாரமே அணை உடைந்தது. கல்லறைத் தோட்டம் முதலில் போயிற்று. பின்னாலேயே சர்ச், ஓட்லியின் கடை, ஜன்னலோரத்து நாற்காலி எல்லாம் போயின. உயிரோடு இருந்த ஒருவரும் சாகவில்லை.

கவுண்டி டவுன் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் கட்டில்கள் போட்டு ஊரைத் தங்க வைத்திருந்தார்கள். அங்கே ஒரு நாள் ஓர் இளம் பெண் கையில் பத்திரிகையோடு வெர்லீனைத் தேடி வந்தாள். குரலைக் கேட்டதும் டெலானி என்று தெரிந்துவிட்டது. பெண்ணின் கண்கள் தூங்காமல் சிவந்து கிடந்தன.

"அடிச்சுட்டுப் போன கல்லறைங்க பேரெல்லாம் பேப்பர்ல போட்டிருக்காங்க" என்றாள். "இவங்க எல்லார்கிட்டயும் நான் பேசியிருக்கேன்மா."

வெர்லீன் அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் வெர்லீன் கேட்டாள்.

"அவர் பேசினாரா? திங்கக்கிழமை?"

"அவர்தாம்மா முதல்ல. நான் பூட்டைத் திறக்கறப்பவே போன் அடிச்சிட்டிருந்துது. யாரோ விளையாடறாங்கன்னு நெனச்சு உங்ககிட்ட சொல்லலை. அன்னிக்கு அவர் அணையைப் பத்திப் பேசவே இல்ல. 'எம்பொண்டாட்டி நேத்து வந்து நல்லாத் திட்டிட்டுப் போனா. சொன்னது நியாயம்தான். ராத்திரியெல்லாம் எல்லாரையும் எழுப்பி விட்டிருக்கேன். வரிசையாப் பேசுவாங்க, எடுத்துக்கோம்மா'ன்னாரு."

வெர்லீன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அப்புறம் சிரிச்சாரு. 'இனிமே நான் கூப்பிட மாட்டேன், அவ கூப்பிடுவா. அவளுக்குப் பேச வராதுன்னு இத்தனை நாள் நெனச்சுட்டேன்'னாரு."

புதைக்கும்போது வராத அழுகை அப்போது வந்தது. போய் உட்கார்ந்து அழ ஒரு கல்கூட மிஞ்சாத இடத்தை நினைத்து, ஒரு நாளாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டெலிபோனை வாங்கிப் பேசாத தன்னை நினைத்து, ஊர் பார்க்க அழுதாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூட நடைக்கூடத்து டெலிபோன் முன்னால் போய் நின்றாள். இருக்க வீடு கேட்க வேண்டும். கல்லறையிலிருந்து வெள்ளத்தோடு போனவர்களைத் தேடி எடுத்துத் திரும்பப் புதைத்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். மாநில அலுவலகத்தில் அதே ஆள் எடுத்தான்.

"டான்சி கிரீக்கிலேர்ந்து பேசறேன். பேரு வெர்லீன் ஸ்டிடம்."

அங்கே இப்போது ஊரே இல்லையே அம்மா, என்றான் அவன்.

வெர்லீன் திரும்பிப் பார்த்தாள். லூதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் ஓட்லி நின்றான். அவனுக்கும் பின்னால், கூடத்தின் கதவு வரை, தலைகுனிந்து ஊர் நின்றது.

"இருக்கோம்" என்றாள் டெலிபோனில். "நான் சொல்லி முடிச்சதும் வெச்சிடாதீங்க. அடுத்த ஆள் பேசறாரு."

டெலிபோனை லூதரிடம் நீட்டினாள்.